24 வோல்ட் வண்டியில் குளோ பிளக்குகள் அடுத்தடுத்து எரிந்துபோனது ஏன்: எம்1008 பழுதுபார்த்த பதிவு

இந்தக் குளிர்காலம் முழுவதும் என் எம்1008 டிரக்கில் ஒரு குளோ பிளக்கூட (டீசல் இன்ஜினைத் தொடங்குவதற்கு முன் மின்சாரத்தால் உள்ளே சூடேற்றும் பிளக்) எரிந்துபோகவில்லை. முந்தைய இரண்டு குளிர்காலங்களிலும் டிசம்பரில் மாட்டிய புதிய பிளக்குகளில் பாதிக்கு மேல் பிப்ரவரிக்குள் செத்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் காலையில் ஸ்டார்ட்டரை எவ்வளவு நேரம் சுற்றினாலும் வெள்ளைப் புகைதான் வரும். காரணம் பிளக்கில் இல்லை, பிளக்குக்கு மின்சாரம் வந்து சேரும் பாதையில் இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன், எதை மாற்றினேன், எவ்வளவு செலவானது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பழுது வண்டியின் பிறப்போடு சேர்ந்து வந்தது. எம்1008 என்பது அமெரிக்க ராணுவத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் நடுவில் தயாரித்துக் கொடுத்த சியுசிவி வரிசையைச் சேர்ந்த பிக்கப். உடம்பு செவர்லே, இன்ஜின் 6.2 லிட்டர் டெட்ராய்ட் டீசல் வி8. எரிபொருள் முதலில் பற்றும் முன்னறை கொண்ட பழைய வகை இன்ஜின் என்பதால் குளிரில் குளோ பிளக் இல்லாமல் தொடங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். இதே இன்ஜினுடன் பொதுமக்களுக்கு விற்ற வண்டிகளில் எல்லாமே 12 வோல்ட். ராணுவ வண்டியிலோ இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு, ஸ்டார்ட்டருக்கு 24 வோல்ட் போகிறது. விளக்குகள் உள்ளிட்ட மற்றவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. வேறொரு ராணுவ வண்டியிலிருந்து 24 வோல்ட் கேபிள் போட்டு இன்ஜினைக் கிளப்ப முடிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

குளோ பிளக்குகளும் அந்த 24 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. ஆனால் பிளக்குகள் 24 வோல்ட்டைத் தாங்கக்கூடியவை அல்ல. அதனால் இன்ஜின் அறையின் பின்சுவரில், ஏர் கிளீனருக்குப் பின்னால், தடித்த ரெசிஸ்டர் (மின்தடை) தொகுதி ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாக மின்சாரத்தை இறக்கி, மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சான ரிலேவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எட்டு பிளக்குகளும் ஒன்றுக்கொன்று இணையாக அந்த ஒரே ரிலேவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் அளவுகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

வேலை தொடங்கியது இந்தக் குளிர்காலத்துக்கு முந்தைய அக்டோபரில். நான் இருப்பது மினசோட்டாவின் துலூத் பக்கம். அங்கே அக்டோபர் முடிவதற்குள் வெளியில் கைவைத்து வேலை செய்வது கடினமாகிவிடும் என்பதால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தேவைப்பட்டவை 3/8 அங்குல ஆழச் சாக்கெட் ஒன்று, கால் அங்குல டிரைவ் ராட்செட், நீண்ட எக்ஸ்டென்ஷன், வளைந்து திரும்பும் யுனிவர்சல் மூட்டு. ஆழச் சாக்கெட் இல்லாமல் முடியாது. பிளக்கின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை டெர்மினல் சாதாரண சாக்கெட்டின் அடியில் இடித்து நிற்கும்.

இடப்பக்கத்து நான்கும், அதாவது 1, 3, 5, 7ஆம் சிலிண்டர்களின் பிளக்குகள், மேலிருந்தே கைக்கு எட்டும். வலப்பக்கத்து 2, 4, 6, 8க்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குறுக்கே நிற்கிறது. வலது முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சக்கர வளைவின் வழியாகக் கையை நுழைப்பதுதான் எனக்கு எளிதாக இருந்தது. பின்கோடியில் இருக்கும் 8ஆம் பிளக்கைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் சாக்கெட்டை உட்கார வைக்க வேண்டும். முந்தின நாளே எல்லாப் பிளக்குகளின் மரையிலும் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து, இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழற்றத் தொடங்கினேன்.

ஆறு பிளக்குகள் எதிர்ப்பில்லாமல் வந்தன. 4ஆம் பிளக் மரை முழுவதும் கழன்ற பிறகும் வெளியே வரவில்லை. மரை விட்டுவிட்ட பிறகும் பிளக் சுழன்றுகொண்டே இருந்து, இழுத்தால் வராமல் நின்றால், உள்ளே நுனி வீங்கி, தான் நுழைந்த துளையைவிடப் பருத்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் இடுக்கியால் இழுத்தால் நுனி ஒடிந்து முன்னறைக்குள் விழுந்துவிடும். மெல்லச் சுழற்றியபடியே, திருப்பித் திருப்பி, ஊடுருவும் எண்ணெய் விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்ததில் 4ஆம் பிளக் முழுதாக வந்தது. 6ஆம் பிளக் அப்படி வரவில்லை, நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டது.

ஒடிந்த நுனியை எடுப்பதற்கு அந்தச் சிலிண்டரில் டீசலைத் தூவும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குழாயின் நட்டைத் தளர்த்தி, ரிட்டர்ன் குழாயை உருவிவிட்டு, 30 மில்லிமீட்டர் சாக்கெட்டால் இன்ஜெக்டரைத் திருகி எடுத்தேன். திறந்த குழாய் வாய்களை உடனே சுத்தமான தொப்பிகளால் மூடிவிட வேண்டும். டீசல் குழாய்க்குள் போகும் தூசி நேராக இன்ஜெக்டர் முனையில் போய் உட்காரும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, முன்னறையின் அடியில் பட்டாணி அளவுக்கு உப்பிய கருத்த உலோகத் துண்டு கிடந்தது. நீண்ட ஊசிமூக்கு இடுக்கியால் அதைப் பிடித்தேன். இன்ஜெக்டர் துளை பிளக் துளையைவிட அகலமானது என்பதால் வீங்கிய நுனி அதன் வழியே வந்துவிட்டது. உள்ளே வேறு சிதறல் எதுவும் தங்கிவிடக்கூடாது என்பதற்காக, இன்ஜெக்ஷன் பம்புக்குப் போகும் இளஞ்சிவப்பு ஒயரைக் கழற்றி எரிபொருளை நிறுத்திவிட்டு, அந்தத் துளைக்கு எதிரே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, இன்ஜினைச் சில நொடிகள் ஸ்டார்ட்டரால் சுற்றினேன். கரித்தூளைத் தவிர எதுவும் வரவில்லை. இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டும்போது அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டேன்.

எட்டு பிளக்குகளையும் ஓர் அட்டையில் சிலிண்டர் எண் எழுதி வரிசையாக வைத்துப் பார்த்தேன். அந்த வரிசை நிறைய சொன்னது. 4, 6, 7 ஆகிய மூன்றின் நுனிகள் வீங்கியிருந்தன. 4இன் உறை நீளவாக்கில் வெடித்து உள்ளிருந்த வெள்ளைத் தூள் தெரிந்தது. அளவுக்கு மீறிச் சூடான பிளக்கின் அடையாளம் அது. 1, 2, 5 ஆகியவை நுனியில் கருநீலச் சாயலோடு, வடிவம் மாறாமல் இருந்தன; அவற்றில் 2 மட்டும் உள்ளே அறுந்திருந்தது. 3ஆம் பிளக்கின் நுனி வீங்கவில்லை, ஒரு பக்கமாக அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருந்தது. அது மின்சாரத்தால் வந்த சேதம் அல்ல. இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் ஒரே இடத்தில் ஒழுக்கினால் அப்படி அரிக்கும். அதைத் தனியாகக் குறித்து வைத்தேன். 8ஆம் பிளக் எல்லாவற்றிலும் விநோதமானது, ஏனென்றால் அது புதிதுபோல் இருந்தது. இரண்டு குளிர்காலங்களாக வேலை செய்த பிளக்கின் நுனி அவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது. அதை அப்போது கவனித்தேனே தவிர, அதன் முக்கியத்துவம் பிறகுதான் புரிந்தது.

இந்த இன்ஜினை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முதலில் சந்தேகப்படுவது பிளக்கின் வகையைத்தான். பழைய 9ஜி வகையின் நுனி வீங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சூடு ஏற ஏறத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் 60ஜி வகை அதற்காகவே விரும்பப்படுகிறது. என்னிடம் இருந்தவை விலை குறைந்த, பெயர் தெரியாத தயாரிப்பு. ஆகவே பிளக்தான் மோசம் என்று முடிவு கட்டிவிட எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் மோசமான பிளக் என்றால் எட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். அட்டையில் இருந்தவை அப்படி இல்லை.

அடுத்த சந்தேகம் ரிலே. தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், சாவியைத் திருப்பிய பிறகும் பிளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். ரிலேவின் வெளியேறும் முனையிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை எடுத்து, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே 24 வோல்ட் பல்பு ஒன்றில் முடித்தேன். இந்தச் சிறு பல்புதான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் உதவிய கருவி. விலை மூன்று டாலருக்கும் குறைவு. டாஷ்போர்டிலுள்ள 'வெயிட்' விளக்கு, ரிலேவை இயக்கி நேரத்தைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுக் கார்டு என்ன நினைக்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, பிளக்குக்கு உண்மையில் மின்சாரம் போகிறதா என்பதைக் காட்டுவதில்லை. பல்பு அதைக் காட்டும். வெயிட் விளக்கு அணைந்த பிறகும், இன்ஜின் தொடங்கிய பிறகும்கூட, என் வண்டியில் பல்பு சில நொடிகள் விட்டுவிட்டு எரிந்தது. பிறகு முழுமையாக அணைந்தது. ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை. காயிலின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்ததிலும், கார்டு விட்டவுடன் ரிலேவும் விடுகிறது என்பது உறுதியானது. பழைய ரிலேவின் தொடுமுனைகள் கருத்திருந்ததால் 38 டாலருக்குப் புதியதைப் போட்டேன். அது தேவையான மாற்றம்தான் என்றாலும், பிளக் எரிந்துபோவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்டின் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். வெளியே 4 டிகிரி இருந்தபோது முதல் சுற்று 7 நொடி. அதுவும் இயல்பான அளவே.

இதற்குப் பிறகுதான் மின்னழுத்தத்தை, சுமை ஏறிய நிலையில், ஒழுங்காக அளக்க உட்கார்ந்தேன். முந்தைய குளிர்காலத்தில் வாங்கி மீந்திருந்த அதே விலைகுறைந்த பிளக்குகளில் நல்லவையாக எட்டைத் தேர்ந்து மாட்டினேன். எட்டும் வேலை செய்கின்றன என்பதை ஓம் மீட்டரால் பார்ப்பது போதாது. ஒரு பிளக்கின் மின்தடை ஒரு ஓமுக்கு அருகில். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 அல்லது 0.3 ஓம் இருக்கும். அறுந்த பிளக்கைக் கண்டுபிடிக்க அது உதவும், பாதி கெட்டதைக் காட்டாது. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை 62 டாலருக்கு வாங்கி, ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் அதன் தாடைக்குள் வைத்து, ரிலேவைக் கையால் இயக்கி, நான்கு நொடி மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஏழு ஒயர்களில் 11 ஆம்பியரை ஒட்டிக் காட்டியது. 8ஆம் ஒயரில் ஒன்றுமே இல்லை.

8ஆம் பிளக் நல்ல பிளக். ஒயரிலும் அறுதல் இல்லை. ஒயரின் முனையில் இருந்த தட்டை டெர்மினல்தான் தளர்ந்து, உள்ளே பச்சை பிடித்து, பிளக்கின் தலையில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் மாட்டியிருப்பதாகவே தோன்றும். கையால் இழுத்ததும் எந்தப் பிடிமானமும் இல்லாமல் வந்துவிட்டது. அட்டையில் இருந்த பழைய 8ஆம் பிளக் ஏன் புதிதுபோல் இருந்தது என்பது அப்போது விளங்கியது: அதற்கு மின்சாரமே போகவில்லை.

ஒரு பிளக் வேலை செய்யாமல் இருப்பது மற்ற ஏழையும் எப்படிக் கெடுக்கும்? 8ஆம் டெர்மினலைத் தற்காலிகமாக இறுக்கிவிட்டு, ரிலேவின் வெளியேறும் முனையில் வோல்ட் மீட்டரை வைத்து, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே அளந்தேன். ஒவ்வொரு முறையும் நான்கு நொடிக்கு மேல் மின்சாரம் கொடுக்கவில்லை; நடுவில் பிளக்குகள் ஆறுவதற்கு நேரம் விட்டேன். எட்டும் மாட்டியிருந்தபோது 11.6 வோல்ட். ஒன்றைக் கழற்றினால் 12.4. இரண்டைக் கழற்றினால் 13.3. ஐந்து மட்டும் இருந்தபோது 14.4. நான்கு மட்டும் இருந்தபோது 15.7. அதற்கு மேல் சோதிக்கத் துணியவில்லை. கணக்குப் போட்டால் இரண்டு பிளக் மட்டும் மிஞ்சும்போது 19 வோல்ட் வருகிறது.

ரெசிஸ்டர் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டைக் கழித்துவிட்டுக் கொடுப்பதில்லை. அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ அதற்கேற்பவே அது வோல்ட்டைத் தின்கிறது. எட்டு பிளக்குகளும் இழுத்தால் ஏறக்குறைய 84 ஆம்பியர் போய், ரெசிஸ்டரிலும் ஒயரிலுமாகப் பாதி வோல்ட் இறங்குகிறது. ஒரு பிளக் விலகினால் மொத்த மின்னோட்டம் குறைகிறது, ரெசிஸ்டரில் இறங்குவதும் குறைகிறது, மிச்சமுள்ள பிளக்குகளுக்கு அதிக வோல்ட் போய்ச் சேருகிறது. பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவர் விலகினால் மற்றவர் தோளில் பாரம் ஏறுவதைப் போல, ஒவ்வொரு பிளக் போகும்போதும் மிச்சமுள்ளவற்றின் மீது சுமை ஏறுகிறது. வெப்பமோ வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது, 11.6 வோல்ட்டுக்கும் 15.7 வோல்ட்டுக்கும் இடையே ஒரு பிளக்கில் உண்டாகும் சூடு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. இன்ஜின் தொடங்கியதும் இரண்டு ஆல்டர்னேட்டர்களும் சேர்ந்து 28 வோல்ட் கொடுக்கத் தொடங்குகின்றன. பல்பு காட்டிய அந்தச் சில நொடிகள் அந்த நேரத்தில்தான் விழுகின்றன. நான்கு பிளக் மட்டும் உயிரோடிருந்தால் அப்போது ஒவ்வொன்றுக்கும் 18 வோல்ட்டுக்கு மேல் போகும்.

ஆக நடந்தது இதுதான்: பச்சை பிடித்த டெர்மினலால் 8ஆம் பிளக் முதலிலிருந்தே கணக்கில் இல்லை. மற்ற ஏழும் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகிக்கொண்டிருந்தன. அவற்றில் பலவீனமான ஒன்று போனதும் மீதி ஆறும் இன்னும் சூடாயின. பிறகு சரிவு வேகமாகிவிட்டது. டிசம்பர் முழுவதும் ஒன்றும் ஆகாமல், ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் இரண்டு வாரத்துக்குள் நான்கு என்று செத்ததற்கு இந்தச் சரிவே விளக்கம். செத்ததை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் வழக்கமும் நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் ஏற்கெனவே அதிகச் சூட்டில் வெந்து நலிந்த பழைய பிளக்குகள் புதியவற்றோடு சேர்ந்து அதே சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிட்டு, எட்டு டெர்மினல்களையும் புதிதாக்கி, ஒரு பிளக் போனவுடன் கண்டுபிடித்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதாவது யாராவது எப்போதும் விழிப்போடு இருக்க வேண்டும். ராணுவத்தில் ஒழுங்கான பராமரிப்பு அட்டவணையோடு அது சாத்தியமாக இருந்திருக்கலாம். மற்றொன்று, சியுசிவி வைத்திருப்பவர்களில் பலரும் செய்வது: ரெசிஸ்டரை மின்சுற்றிலிருந்து விலக்கி, ரிலேவுக்கு நேரடியாக 12 வோல்ட்டிலிருந்து மின்சாரம் கொடுப்பது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

இன்ஜின் அறையின் பின்சுவரிலேயே 12 வோல்ட்டுக்கு ஒரு டெர்மினல் பிளாக்கும் 24 வோல்ட்டுக்கு ஒன்றும் இருக்கின்றன. இரண்டு பேட்டரிகளின் இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கமே கைவைக்க வேண்டும். ஸ்பானர் ஒன்று 24 வோல்ட் முனைக்கும் உடம்புக்கும் இடையே விழுந்தால் பேட்டரியே வெடிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். ரெசிஸ்டரிலிருந்து ரிலேவுக்கு வரும் தடித்த ஒயரை ரிலே முனையில் கழற்றி, அதன் நுனியைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடிக் கட்டினேன். ரெசிஸ்டருக்கு 24 வோல்ட் கொண்டுவரும் ஒயரையும் அதன் பிளாக்கில் கழற்றி அதேபோல் மூடினேன். அதை விட்டுவைத்தால் பின்னால் யாராவது அறியாமல் மாட்டிவிடலாம். பிறகு 12 வோல்ட் பிளாக்கிலிருந்து ரிலேவுக்கு 4ஆம் கேஜ் செம்புக் கேபிள் இழுத்தேன். நடுவில் 150 ஆம்பியர் ஃபியூஸ். கேபிளின் நீளம் 70 சென்டிமீட்டர்தான். முனைகளுக்குச் செம்பு லக் போட்டு, கையால் அடிக்கும் கருவிக்குப் பதிலாக ஹைட்ராலிக் அழுத்தியால் இறுக்கினேன். 80 ஆம்பியர் போகும் இடத்தில் அரைகுறை இணைப்பு தானே ஒரு ரெசிஸ்டராக மாறிவிடும்.

எட்டு பிளக் ஒயர்களின் முனைகளையும் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறிந்தேன். வெட்டிய இடத்தில் செம்பு இழைகள் பளபளப்பாக இருந்தால்தான் புதிய டெர்மினல் போட்டேன். 6ஆம், 8ஆம் ஒயர்களில் உள்ளேயும் கறுத்திருந்ததால் இன்னும் வெட்டி, வெப்பம் தாங்கும் உறை கொண்ட புதிய ஒயரை ஒட்ட வேண்டியிருந்தது. கால் அங்குலத் தட்டை டெர்மினலை மாட்டும்போது விரலுக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் இடுக்கியால் மெல்ல நெருக்கிவிடலாம்.

பிளக்குகள் இந்த முறை 60ஜி. ஒன்று 13 டாலர் வீதம் எட்டு. பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டுச் சோதித்தேன்: உடம்பை வைஸில் பிடித்து, சிவக்கும் நுனி எதையும் தொடாதபடி வைத்து, கிளாம்ப் மீட்டரைப் பார்த்துக்கொண்டே. முதலில் நுனியின் முனை சிவந்து, பிறகு சிவப்பு மேல்நோக்கிப் பரவியது. மீட்டரில் மின்னோட்டம் உயர்ந்து தொடங்கி, சூடு ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்தது. 60ஜி தன்னைத் தானே கட்டுப்படுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. எட்டில் ஒன்று மற்றவற்றைவிடத் தாமதமாகச் சிவந்தது. அதைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டேன். மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும், நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் பசையை மரையில் தீக்குச்சி நுனியளவு தடவி, 16 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் மாட்டினேன். பசை நுனிப்பக்கம் வழிந்துவிடக்கூடாது, தலைப்பக்கத் தட்டை டெர்மினலிலும் படக்கூடாது.

மாட்டி முடித்து அதே அளவுகளைத் திரும்ப எடுத்தேன். எட்டும் மாட்டியிருந்தபோது 10.7 வோல்ட். ஒன்றைக் கழற்றினால் 10.8. நான்கைக் கழற்றினால் 11.3. முன்பு நான்கு வோல்ட்டுக்கு மேல் தாவியது இப்போது அரை வோல்ட் அளவில் நிற்கிறது. இனி ஒரு பிளக் போனால் ஒரு பிளக் மட்டுமே போகும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. 60ஜி பிளக் பழைய வகையைவிடச் சில நொடிகள் மெதுவாகச் சூடாகிறது. வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்று குறைந்திருக்கிறது. கார்டு கொடுக்கும் நேரம் பழைய பிளக்குக்கு அமைக்கப்பட்டது. மைனஸ் 10 வரை அந்த நேரமே போதுமானதாக இருந்தது. அதற்குக் கீழே போனால், வெயிட் விளக்கு அணைந்ததும் சாவியை அணைத்து மறுபடி திருப்பி இரண்டாவது சுற்று கொடுக்கிறேன். பல்பு அணைந்த உடனே ஸ்டார்ட்டர். மைனஸ் 18இல், இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இல்லாமல் நான்கைந்து நொடியில் பிடித்துக்கொள்கிறது. ரிலேவைக் கையால் இயக்கும் பொத்தானைப் பலர் நிரந்தரமாகப் போட்டுக்கொள்கிறார்கள். நான் போடவில்லை. குளிரில் பொறுமை இழந்து பொத்தானை அழுத்தியபடியே இருந்தால், 60ஜியையும் அளவுக்கு மீறிச் சோதிக்க நேரும். வண்டியை வேறு யாராவது எடுத்தால் எவ்வளவு நேரம் அழுத்துவார்கள் என்பதும் தெரியாது.

இன்னொன்று, இரண்டு பேட்டரிகளில் உடம்போடு எதிர்முனை இணைந்திருக்கும் பேட்டரி இப்போது தனியாகக் கூடுதல் வேலை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆல்டர்னேட்டர் இருப்பதால் ஓட்டத்தில் அது நிரம்பிவிடுகிறது. ஆனால் பனி தள்ளும் வேலையில் சிறிது தூரம் போய் அணைத்து மறுபடி கிளப்புவது அடிக்கடி நடக்கும். மாதம் ஒருமுறை இரண்டு பேட்டரிகளின் வோல்ட்டையும் தனித்தனியே பார்க்கிறேன். இதுவரை பெரிய வேறுபாடு வந்ததில்லை, 12.4க்குக் கீழே இறங்கியபோது மட்டும் ஒரு இரவு சார்ஜரில் போட்டேன்.

மொத்தச் செலவு: பிளக்குகள் 104 டாலர், ரிலே 38, கிளாம்ப் மீட்டர் 62, கேபிளும் லக்கும் ஃபியூஸும் டெர்மினல்களும் சேர்த்து 45 அளவில், வாஷர், பசை போன்ற சில்லறைகள் 15. அழுத்தும் கருவி இரவல். முந்தைய இரண்டு குளிர்காலங்களில் பிளக்குகளுக்கு மட்டும் இதைவிடக் கூடுதலாகவே செலவழிந்திருந்தது.

மறுபடி இந்த வேலையைத் தொடங்கினால், பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே கிளாம்ப் மீட்டரால் எட்டு ஒயர்களையும் பார்ப்பேன். சுமையோடு ரிலே முனை வோல்ட்டையும் எடுப்பேன். பத்து நிமிடத்தில் முடியும் அந்த இரண்டு அளவுகளும் தளர்ந்த டெர்மினலையும் உயர்ந்த வோல்ட்டையும் அன்றே காட்டியிருக்கும். வலப்பக்க ஒயர்களை அப்போதே முழுவதுமாகப் புதிதாக இழுத்துவிடுவேன்; ஒட்டுப் போட்ட இரண்டு இடங்களும் மேனிஃபோல்டின் சூட்டுக்கு அருகில் இருப்பதால் அவற்றின் மீது எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இதே வரிசை வண்டியை வைத்திருந்து, ரெசிஸ்டரையும் அப்படியே வைத்திருப்பவர்கள், ஒரு பிளக் போனாலும் எட்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. மாற்றும்போது டெர்மினல்களின் பிடிமானத்தை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கவும்.

3ஆம் சிலிண்டரின் இன்ஜெக்டர் பாக்கி இருக்கிறது. ஏப்ரலில் புதிய 3ஆம் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன். நுனியின் ஒரு பக்கத்தில் மங்கலான தழும்பு தெரிகிறது, குழி இன்னும் விழவில்லை. இந்தக் கோடையில் எட்டு இன்ஜெக்டர்களையும் கழற்றி, திறக்கும் அழுத்தத்தையும் தூவும் விதத்தையும் சோதிக்கக் கொடுக்கப்போகிறேன். செம்பு வாஷர்கள் எட்டும் வாங்கி வைத்தாகிவிட்டது.